விநோதச் செய்தியும் வாய்மையும்

பாடந் தொடங்குமுன் மாணாக்கரின் மனத்தை ஒருவழிப்படுத்துதற்பொருட்டு விநோதமான விஞ்ஞானச் செய்தி ஒன்றைக் கூறுதல் ஆசிரியர் பலர்க்கும் வழக்கம். ஞாயிற்றின் ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சிறிது மேலாகும் என்பதும், வலையிற் பிடிபடுங் கணவாய்க்கு மூன்று இருதயம் உண்டு என்பதும், அடுப்பிற் கிடக்குங் கரியும் முடியில் விளங்கும் வைரமும் ஒரே மூலகத்தின் வேறுபாடுகள் என்பதும் இவ்வாறு வகுப்பறைகளிற் புகுந்து வழங்குவன. இவ்வழக்கத்தைக் குறை கூறுதல் நமது கருத்தன்று. வியப்பில்லாத பிள்ளைக்கு வினாவும் இல்லை. பாடசாலைக்குப் புறத்தேயும் சனசமூக நிலையங்களிலும் திருவிழாக்கால மேடைகளிலும் இத்தகைய செய்திகளைப் பொதுமக்கள் விருப்பத்தோடு கேட்கின்றனர். இக்காலத்திலோ அவை கைத்தொலைபேசி வாயிலாக ஓரிரவிலேயே வீடுதோறும் புகுந்துவிடுகின்றன. அவற்றில் ஐயம் எழுந்தவழி ஊரார் சென்று கேட்பது பெரும்பாலும் ஆசிரியரிடத்தேயாம். ஆதலின் இப்பொருளை ஆசிரியரோடு பேசுதல் தகும்.

நாம் ஆராயப் புகுந்த வினா இது. ஒருவர் ஒரு செய்தியை மெய்யென்றே நம்பிப் பிறர்க்குக் கூறுகின்றார். அது பொய்யாய் முடிகின்றது. அவர் பொய் சொன்னவர் ஆவாரோ? ஆகார் என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் நம்மைவிட்டு அகன்ற வரலாற்றை முதற்கண் சொல்லுதல் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கிராமப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பித்து வந்தோம். அன்று வானத்தைப்பற்றிய பாடம். நட்சத்திரங்கள் பகலிலும் வானத்தில் உள்ளன, வெளிச்சத்தின் மிகுதியால் அவை நமக்குத் தோன்றவில்லை என்று விளக்கினோம். அதனோடு நின்றிருக்கலாம். பாடத்துக்குச் சுவையூட்ட எண்ணி, ஆழமான கிணற்றின் அடியில் நின்று மேலே நோக்குவோர்க்கு நண்பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று சேர்த்துச் சொன்னோம். எந்தப் புத்தகத்திற் படித்தோம் என்பது அப்பொழுதே நினைவில் இல்லை. பிள்ளைகள் வாய்திறந்து கேட்டார்கள். நமக்கும் மகிழ்ச்சியாயிருந்தது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிணறு தூரத்துப் பொருளன்று. சில வாரங் கழித்து ஒரு மாணாக்கன் எழுந்து நின்றான். தன் வீட்டுக் கிணற்றை இறைத்துச் சேறு வாரிய நாளில் தகப்பனாரோடு தானும் உள்ளே இறங்கியதாகவும், நடுப்பகலில் நெடுநேரம் மேலே பார்த்ததாகவும், வட்டமாய்த் தெரிந்த நீல வானத்தையன்றி வேறொன்றுங் காணவில்லை என்றும் சொன்னான். "ஐயா, ஒரு வெள்ளியும் தெரியேல்லை" என்பது அவன் சொன்ன சொல். நாம் சிறிது தடுமாறினோம். பின்னர், கிணற்றின் ஆழம் போதாது போலும் என்றோம். உன் கண் இன்னும் பழகவில்லை என்றும் சொன்னோம். வகுப்புச் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுவதிலும் அவன் நம்மை வேறொரு வினாவுங் கேட்கவில்லை. அதனையும் நாம் அக்காலத்திற் கவனித்தோமல்லேம். பின்னர் எண்ணிப் பார்த்து உணர்ந்ததேயாம்.

உண்மை யாதெனின், அப்பிள்ளை கண்டதே சரி. வானம் பகலில் ஒளிர்வது நம்மைச் சூழ்ந்துள்ள வெளிச்சத்தால் மாத்திரமன்று. நமக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள காற்று ஞாயிற்றொளியைச் சிதறச் செய்தலினாலாம். கிணற்றினுள் இறங்கினவன் தன் பக்கத்துள்ள வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுகின்றான். கிணற்று வாய்க்கு மேலே பல மைல் உயரம் பரந்து கிடக்கும் ஒளிபெற்ற காற்று அங்ஙனமே இருக்கின்றது. அக்காற்றின் ஒளியினூடே தோன்ற மாட்டாத நட்சத்திரம் கிணற்றடியிலிருந்து நோக்கினும் தோன்றாது. ஆழத்தைக் கூட்டினாலும் பயனில்லை. வானவட்டம் சிறிதாகும், அவ்வளவே. பகலிற் கண்ணுக்குப் புலப்படக்கூடியது சுக்கிரன். தெளிந்த வானத்தில் அது நிற்கும் இடத்தைச் சரியாக அறிந்து நோக்குவோர் வெளியில் நின்றே அதனைக் காணலாம். அதற்குக் கிணறு வேண்டியதில்லை.

இப்பொய்யின் வயது ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகும். கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் விலங்குகளின் பிறப்பைப்பற்றி எழுதிய நூலிலேயே, குழிகளிலும் கிணறுகளிலும் இருப்போர் சிலவேளை நட்சத்திரங்களைக் காண்பர் என்னுங் குறிப்பு உள்ளது. அப்பெரியாருடைய பெயரால் அது நூலினின்று நூலுக்குத் தாவி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்து அறிஞர் அலெக்சாந்தர் அம்போல்ட் அதனை ஆராயப் புகுந்தபோது செய்தது மிக எளிய காரியம்: சுரங்கங்களில் வேலை செய்வோரையும் புகைக்கூண்டு துடைப்போரையும் விசாரித்தார். நாள்தோறும் ஆழத்தினின்று மேலே நோக்கும் அவர்கள் பகலில் நட்சத்திரங் கண்டதாக அவருக்குச் சாட்சி கிடைக்கவில்லை. ஈராயிரம் ஆண்டு கற்றோர் எழுதிவைத்ததனைக் குறித்துச் சுரங்கத் தொழிலாளியைக் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் பலர்க்குத் தோன்றவில்லை. நமக்கோ கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. நம் முன்னே ஒருவன் தானாகவே எழுந்துநின்று சொன்னான். நாம் அவனைச் சிரிப்புக்கு ஆளாக்கினோம்.

இனி வினாவுக்கு வருவோம். நட்சத்திரந் தெரியும் என்று முதல் நாளிற் சொன்னபோது நாம் பொய் சொன்னோமா? பொய்யென்று அறிந்து சொல்லவில்லை, மெய். ஆயினும் மெய்யென்று அறிந்தும் சொல்லவில்லையே. சைவ சித்தாந்தங் கற்ற ஆசிரியர்க்கு இவ்விடத்தில் உதவுவது நமது நூல்களிலேயே உள்ளது. சிவஞான சித்தியார் சுபக்கம் இறைவனைப்பற்றிய வாதத்தைத் தொடங்குமுன் அளவையைக் கூறித் தொடங்குகின்றது. அறிவது யாது என்று ஆராயுமுன் அறியும் வழி யாது என்று ஆராய்தல் அருணந்தி சிவாசாரியர் கொண்ட முறை. அளவைகள் பலவாக எண்ணப்படினும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அவை அடங்கும் என்பது நாம் மாணாக்கர்க்குச் சொல்லுவது. காண்டலிலும் ஐயமும் திரிபும் நீங்கியதே அளவையாகும். உரையோ வாயிற் பிறந்த சொல்லெல்லாம் அன்று. குற்றமற்றவன் என்று துணியப்பட்டவனுடைய சொல்லே அது.

நமது கிணற்றுச் செய்தியை இவ்வளவைகளில் எதனுள் அடக்குவது? நாம் கண்டதில்லை. காரணங்கொண்டு கருதியதுமில்லை, கருதியிருப்பின் மேலேயுள்ள காற்றின் ஒளியை நினைத்திருப்போம். எழுதினவர் யாரென்றே அறியாமையால் உரையளவையும் ஆகாது. எந்த அளவையாலும் பெறப்படாத ஒன்றை அறிவென்று சொல்லி நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இதில் உள்ள பொய் நட்சத்திரத்தைப்பற்றியதன்று; நம்மைப்பற்றியது. "இதனை நாம் அறிவோம்" என்று நமது நிலையும் குரலும் சொல்லின. நாம் அறிந்திலேம். நட்சத்திரம் உண்மையாகவே தெரிந்திருப்பினும் அப்பொய் பொய்யாகவே நின்றிருக்கும். ஒருவரும் அதனைக் கண்டுபிடித்திரார், அவ்வளவே வேறுபாடு. இரண்டாம் நாளில் நாம் செய்ததோ இதனினும் கொடிது. காண்டலை உடையவனை உரைகூட இல்லாதவன் கண்டித்தான்.

பொதுமக்களுக்கு விஞ்ஞானஞ் சொல்லுதலையே ஒரு கடமையாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரை இங்கே நினைத்தல் நலம். மைக்கேல் பரடே 1791-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஓர் இரும்புக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். பாடசாலைக் கல்வி அவருக்கு மிகக் குறைவு. புத்தகங் கட்டுவோர் ஒருவரிடம் தொழில் பழகியபோது, கட்டுதற்கு வந்த புத்தகங்களைப் படித்தார். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் என்னும் பெண்மணி கற்றோரல்லாதார்க்கும் விளங்கும்படி உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூல். அதனைப் படித்த பரடே அதிற் கண்டவற்றைத் தமது சிறு பணத்துக்குள் அடங்கும் பரிசோதனைகளாற் செய்து பார்த்தார். பார்த்தவிடத்து அவை மெய்யாயிருந்தன. அதன் பின்னரே அந்நூலைப் பற்றிக்கொண்டதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். உலகம் போற்றும் விஞ்ஞானியானபின்னும் அப்பெண்மணியாரிடத்து அவருக்கிருந்த மதிப்புக் குறையவில்லை. பொதுமக்களுக்கு எழுதப்பட்ட ஒரு சிறு புத்தகம், கொல்லர் மகன் ஒருவன் உரைத்துப் பார்த்த உரைகல்லில் மாற்றுக் குறையாது நின்றது. அந்நூலில் இரண்டொரு சுவையான பொய்கள் கலந்திருந்தால், அவ்விளைஞன் அவற்றைச் செய்து பார்த்துத் தன் கையே பிழைத்தது என்று எண்ணிப் புத்தகத்தை மூடியிருக்கவுங் கூடும்.

இலண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூசனில் இளைஞர்க்கான நத்தார் விடுமுறை விரிவுரைகள் 1825-ஆம் ஆண்டிலே தொடங்கின. பரடே பலமுறை அவற்றை நிகழ்த்தினார். 1848-ஆம் ஆண்டிலும் மீண்டும் 1860-ஆம் ஆண்டிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி. மின்சாரத்தின் மறைபொருள்களைத் திறந்தவர் பிள்ளைகளுக்குக் காட்டத் தெரிந்தெடுத்தது ஒவ்வொரு வீட்டிலும் எரிந்துகொண்டிருந்த பொருளை. அதன் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. தாம் மேசையிற் செய்து காட்டியதைப் பிள்ளைகள் வீட்டிற் சென்று தாமே செய்துபார்த்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். எரியும் மெழுகுதிரியை மெல்ல அணைத்தால் திரியினின்று வெண்மையான ஒரு புகைக் கோடு எழும். அக்கோட்டில் ஒரு விரற்கடை இரண்டு விரற்கடை தூரத்தில் தீக்குச்சியைக் காட்டினால், சுடர் அப்புகைவழியே கீழிறங்கித் திரியைப் பற்றும். எரிவது மெழுகின் ஆவி என்பது அதனாற் பெறப்படும். நமது அளவை நூலார் புகையைக் கண்டு தீயைக் கருதுவர். பரடே புகைக்கே தீயிட்டுக் காட்டினார்! சுடரின் நடுவே குளிர்ந்த கரண்டியை நீட்டினால் கரி படியும். அக்கரியே சுடருக்கு மஞ்சள் ஒளியைத் தருவது. விளக்கு மூட்டித் தொடங்கும் நமது பாடசாலைகளில், அவ்விளக்கைக்கொண்டே பாதிப் பாடத்தை நடத்தலாம் என்பது நமது துணிபு.

பரடேயின் வாழ்க்கையில் நமது வினாவுக்கு இன்னும் நெருங்கிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1853-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மேசை சுழற்றுதல் என்னும் ஒரு விநோதம் பரவியது. சிலர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கைகளை அதன்மேல் மெல்ல வைத்திருப்பர். சிறிது நேரத்தில் மேசை நகரும். ஆவிகள் நகர்த்துகின்றன என்பார் சிலர். மின்சாரம் என்பார் சிலர். கற்றோரும் அவர்களுட் கலந்திருந்தனர். பரடேயிடம் விளக்கங் கேட்டுப் பலர் வந்தனர். அவர் அவர்களை ஏளனஞ் செய்யவில்லை. அட்டைத் தாள்கள் சிலவற்றை இளகிய பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மேசையில் வைத்து, அதன்மேற் கைவைக்கச் செய்தார். மேசை தானாக நகருமாயின் கீழ்த்தாள் முந்தும். கை நகர்த்துமாயின் மேற்றாள் முந்தும். மேற்றாளே முந்தியிருந்தது. அதன் பின்னர், கை எப்பக்கம் தள்ளுகின்றது என்பதைக் காட்டும் நீண்ட துரும்பு ஒன்றை முள்ளாக அமைத்து, கைவைத்திருப்போர் அதனைக் காணும்படி நிறுத்தினார். முள்ளைக் கண்டவுடன் மேசை அசைவதை விட்டது.

அவர்கள் வஞ்சகர் அல்லர் என்பதைப் பரடே தெளிவாகவே கூறினார். தாம் தள்ளவில்லை என்றே அவர்கள் மனமார நம்பினர். எத்திசையில் மேசை செல்லும் என்று எதிர்பார்த்தார்களோ அத்திசையில் அவர்தங் கைகள் அவர்கள் அறியாமலே தள்ளின. நம்பிச் சொல்லும் பொய்யினது இயல்பை இதனினும் நன்றாக விளக்கும் உவமையை நாம் அறிந்திலேம். அடுத்த ஆண்டில் மனத்தைப் பயிற்றுதல் குறித்து நிகழ்த்திய ஒரு விரிவுரையில், மக்களிடத்து மிகுந்து காணப்படுங் குறை செய்தியறியாமையன்று, தீர்ப்பளிக்கும் ஆற்றலில் உள்ள குறையே என்னுங் கருத்தை அவர் வற்புறுத்தினார். தமது விருப்பத்துக்கு இசைந்த கூற்றையே மிகக் கடுமையாகச் சோதித்தல் வேண்டும் என்பது அவர் கூறிய மருந்து.

இம்மருந்தை நாமும் உண்ணவேண்டியவர்களே. சைவர்களாகிய நமது கைகள் எத்திசையில் தள்ளும் என்பது நமக்குத் தெரியாததன்று. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக் கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, அமெரிக்க விஞ்ஞானிகள் அதனைக் கண்டு திகைத்தனர் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக உலாவுகின்றது. அதனைப் பாடசாலைக் காலைக் கூட்டத்திற் சொல்லிய ஆசிரியரை நாமறிவோம். கேட்ட பிள்ளைகள் கைதட்டினர். சிறிது கருதிப் பார்ப்போம். பூமிக்கு ஏழுநூறு கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் ஒரு செயற்கைக் கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. அவ்வேகமே அதனை விழாமற் காக்கின்றது. வேகம் நின்றால் அது கீழ்நோக்கி விழத் தொடங்கும். மூன்று விநாடிக்குப்பின் பழைய வேகத்தை அதற்கு மீளக் கொடுப்பார் யார்? நின்றது போலத் தோன்றுங் கோள்களும் உள. அவை 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே பூமியோடு ஒத்துச் சுழல்வன. திருநள்ளாறு அக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறையப் பதினொரு பாகையில் உள்ளது. எந்த வழியாலும் செய்தி நிற்கவில்லை.

இவ்வாறு சொல்லும்போது தலத்தின் பெருமையைக் குறைக்கிறோம் என்று சிலர் வருந்துவர். வருந்துவோர் அத்தலத்துக்குரிய பதிகத்தின் வரலாற்றை நினைத்தல் வேண்டும். மதுரையிலே சமணரோடு நிகழ்ந்த வாதில் திருஞானசம்பந்த சுவாமிகள் தீயில் இட்டது திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு. அது வேகாது பச்சையாய் மீண்டது என்று பெரிய புராணம் கூறும். சோதனைக்கு அஞ்சாது நெருப்பில் இடப்பட்ட பதிகத்தையுடைய தலத்துக்கு, சோதனையென்றால் ஓடி ஒளிக்கும் ஒரு செய்தியைப் புகழ்மாலையாகச் சூட்டுகிறோம்.

சிதம்பரத்தைக் குறித்து வழங்குஞ் செய்திகளுள் மெய்யும் பொய்யுங் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிதல் நல்ல பயிற்சி. சிதம்பரம், காஞ்சியின் ஏகாம்பரநாதர் கோயில், திருக்காளத்தி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் உள்ளன என்பது ஒன்று. படத்தைத் திறந்து பாருங்கள். மூன்றும் 79 பாகை 41 கலைக்கும் 42 கலைக்கும் இடையில் அமைந்திருக்கக் காண்பீர்கள். இது சொல்லத்தக்கது, அதன் காரணம் இன்னதென்று நாமாக ஒன்றைக் கட்டிச் சொல்லாதவரையில். நடராசப் பெருமானின் திருவடியில் உலகக் காந்த நடுக்கோட்டின் மையம் உள்ளது என்பது மற்றொன்று. காந்த நடுக்கோடு பூமியைச் சுற்றி வளைந்து செல்லுங் கோடு. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம் பெயர்வது. சுற்றிவரும் ஒரு கோட்டுக்கு அக்கோட்டின்மீதே மையம் எங்கே? சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ண் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் நடராசர் திருவுருவம் உண்டு என்பதும் மெய். இந்திய அரசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்தது, 2004-ஆம் ஆண்டு யூன் மாதம் 18-ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அங்குள்ள விஞ்ஞானிகள் சிவதாண்டவத்தை ஆராய்ந்து உண்மையென ஒப்புக்கொண்டு நிறுவினர் என்பது பின்னர் ஒட்டிக்கொண்ட வால்.

வாய்மை அதிகாரத்தின் இரண்டாங் குறளை எடுத்துக் காட்டி, பிள்ளைக்குச் சமயப்பற்று வளருமாயின் இத்தகைய செய்தியால் வருங் கேடு யாது என்று நம்மை வினவினார் ஒரு நண்பர். அக்குறள் நன்மை என்னுஞ் சொல்லுக்கு முன்னே ஓர் அடை இட்டிருக்கின்றது. அதனை அவர் மறந்தார். இப்பற்றோ குற்றமற்ற நன்மையன்று. பத்து வயதிற் கைதட்டிய பிள்ளை பதினெட்டு வயதிலே பௌதிகம் படிக்கும். செயற்கைக் கோள் நில்லாது என்பதை அப்பொழுது தானே கணக்கிட்டு அறியும். செய்தி பொய்த்தது என்பதனோடு அவன் நின்றுவிடுவான் என்பதற்கு உறுதி யாது? அதே வாயாற் கேட்ட தேவாரத்தையும் அதே தட்டில் வைத்து நிறுக்க மாட்டானா?

இதனினும் வலிய தடை ஒன்று உண்டு. நாம் எல்லாவற்றையும் சோதித்தா சொல்லுகிறோம்? பூமி ஞாயிற்றைச் சுற்றுவதை நாம் நேரிற் கண்டதில்லை. கணவாயின் மூன்று இருதயத்தையும் நம்முள் எத்தனை பேர் அறுத்துப் பார்த்தோம்? உரையை நீக்கிவிட்டால் ஒருநாட் பாடமும் நடவாது. இது மெய். உரையளவையை நாமும் நீக்கச் சொல்லவில்லை. உரையைக் காண்டலின் உடையில் நிறுத்தாதிருத்தலே நாம் வேண்டுவது. தமிழ் இதற்கு மிக வாய்ப்பான மொழி. கண்டிருக்கிறோம், இதனாற் கருதுகிறோம், இன்னார் எழுதியதைப் படித்தோம் என்று வினைச்சொல்லையே மாற்றிச் சொல்லலாம். ஒரு விநாடி கூடச் செலவாகாது. யார் எழுதியது என்பது நினைவில்லையாயின் அதனையுஞ் சொல்லலாம். தெரியாது என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் மதியார் என்பது நமது அச்சமேயன்றி அவர்கள் வழக்கமன்று. இவ்வச்சமே கிணற்றுச் செய்தியில் நம்மைக் கெடுத்தது.

சொல்லுவன எல்லாவற்றையுஞ் சோதிக்க இயலாவிடினும், சோதிக்கக் கூடியவற்றைத் தேடிச் சொல்லுதல் இயலும். ஒன்று கூறுவோம். யாழ்ப்பாணத்தில் ஏப்பிரல் மாதம் 15-ஆந் திகதியளவில் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். சமதரையில் நேராக நாட்டிய தடிக்கு அவ்வேளையில் நிழல் இராது. இது 12 மணிக்கன்று, 12.10 அளவில் நிகழும். காரணம், நமது கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகின்றது. யாழ்ப்பாணமோ 80 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக இரண்டரைப் பாகைக்குப் பத்து நிமிடம். தெற்கே கொழும்பில் ஏறத்தாழ ஒரு வாரம் முன்னரே, 7-ஆந் திகதியளவில், தடி நிழலின்றி நிற்கும். கொழும்பில் உறவினருள்ள பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். எகிப்து தேசத்துச் சயீன் என்னும் ஊரில், கோடையில் ஒருநாள் நண்பகலில் ஞாயிற்றொளி கிணற்றின் அடிவரை விழும் என்பதையும் அதே வேளையில் வடக்கேயுள்ள அலெக்சாந்திரியாவில் நிழல் விழுவதையுங் கொண்டே எரத்தோஸ்தனிஸ் ஈராயிரத்திருநூறு ஆண்டுக்கு முன் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் என்பர். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாள் வருதலின் வகுப்பிற் செய்தல் அரிது. வீட்டிற் செய்யும்படி சொல்லலாம். ஓகத்து மாதக் கடைசியில், 28-ஆந் திகதியளவில், மீண்டும் ஒருமுறை வரும். மேகம் மறைத்தால் அடுத்த நாளும் பார்க்கலாம். ஒரு நாளால் வரும் வேறுபாடு மிகச் சிறிது.

அம்மாணாக்கனைச் சென்ற ஆண்டுப் புத்தாண்டு நாளிற் கண்டோம். இப்பொழுது பிள்ளைகளையுடைய குடும்பத்தன், தோட்டஞ் செய்கின்றான். நெடுநாளாகச் சொல்லவேண்டியிருந்ததைச் சொன்னோம்: நீ கண்டதே சரி, நாம் சொன்னது பிழை. அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "ஐயா, நான் இரண்டாந்தரமும் இறங்கிப் பாத்தனான்" என்றான். அப்போதும் ஒன்றுந் தெரியவில்லை. ஆனால் அடுத்தநாள் வகுப்புப் பிள்ளைகள் கேட்டபோது, இம்முறை கண்டேன், இரண்டு வெள்ளி கண்டேன் என்று சொல்லிவிட்டானாம். சிரிக்காமல் இருப்பார்கள் என்று அப்படிச் சொன்னானாம்.

அடுத்த நாள், 15-ஆந் திகதி, அவன் வீட்டு முற்றத்திலே ஒரு தடி நாட்டினோம். அவனுடைய மூத்த மகள் கடிகாரத்தோடு நின்றாள். நிழல் தடியின் அடிக்குள் ஒடுங்கியவேளையில் கிணற்றங்கட்டுக்குச் சென்று பார்த்தோம். உள்ளே சுற்றுச்சுவர் எங்கும் ஒளி பட்டிருந்தது. நீரில் ஞாயிறு நின்றது. கண்ணைக் கூசச் செய்யும், உற்றுப் பார்க்கலாகாது என்று அவளை விலக்கினோம். நிழல் ஒழிந்தது 12.10 என்று நாம் சொன்னோம். தன் கடிகாரத்தில் 12.12 என்றாள். எங்கள் குறிப்பேட்டில் அவள் கண்டதையே எழுதினோம்.